கொடிமலையிலிருந்து ஒரு தத்துப்பூச்சி

என் மேசையில் ஒரு சிறிய மரப்பெட்டி இருக்கிறது. திறந்தால் அந்துருண்டை வாசனை வரும். உள்ளே மூன்று ஊசிகள். ஒவ்வோர் ஊசியிலும் நகக்கண் அளவுகூட இல்லாத முக்கோண அட்டை. அட்டையின் கூர்முனையில் பக்கவாட்டாக ஒட்டிய ஒரு பூச்சி. மூன்றும் பினாங்குக் கொடிமலையில் ஒரே இரவில், ஒரே வெள்ளைத் துணியில் வந்து உட்கார்ந்தவை. தலை முதல் சிறகு நுனி வரை ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூட வேலை முடிந்த மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் கடந்த பதினொரு மாதங்களாக இந்த மூன்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை யாரும் விவரித்து எழுதாத இனம் இது என்று நானும் என் பேராசிரியரும் கருதுகிறோம். "புதிதாக ஒரு பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டாயாமே" என்று உறவினர்கள் விசாரிக்கிறார்கள். கண்டுபிடிப்பு அந்த இரவோடு முடிந்துவிட்டது. அதற்கு ஒரு விளக்கும் ஒரு துணியும் போதுமாக இருந்தன. அதன் பிறகு தொடங்கியது எழுத்து வேலை. நான் எழுதுவதை வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவர், நான் போய்ச் சேர்ந்து நூறு ஆண்டுகள் ஆன பிறகும், தம் கையிலுள்ள பூச்சி இதுதானா இல்லையா என்று தீர்மானிக்க முடிய வேண்டும். அவரை நான் பார்க்கப்போவதில்லை. அவர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன். அவருக்குத் தேவைப்படும் அத்தனையையும் இப்போதே எழுதிவைத்தாக வேண்டும்.

தத்துப்பூச்சி என்ற சொல் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. தமிழ்நாட்டு வேளாண் வெளியீடுகளில் 'பச்சைத் தத்துப்பூச்சி' என்று படித்த அன்று, அந்தச் சொல்லை நாள் முழுவதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது என்கிறோமே, அந்தத் தத்து. பிள்ளையைத் தத்து எடுப்பது வடமொழி வழியாக வந்த வேறு சொல். ஆனால் இரண்டும் ஒரே உருவில் தமிழில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மலாய்க்கார நெல் விவசாயிகள் இதைப் 'பெனா' என்பார்கள். பச்சையாக இருந்தால் 'பெனா ஹிஜாவ்'.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. ஆனால் அதன் வேலையை எல்லோரும் அறிந்திருந்தோம். பட்டர்வொர்த்தில் எங்கள் முற்றத்தில் நின்ற மாமரம் பூக்கும் பருவத்தில், அடியில் போய் நின்றால் முகத்தில் ஏதோ தூறும். உச்சிவெயிலில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாமல் தூறல். கொடியில் காய்ந்த துணியெல்லாம் பிசுபிசுத்துப்போகும். சில வாரங்களில் இலைகளின் மேல் கரி பூசியதுபோல் கறுப்புப் படியும். "மரத்துக்கு வேர்க்கிறது" என்பார் அம்மா. பூங்கொத்தை உலுக்கினால் ஆப்பு வடிவத்தில் பழுப்பான சிறு பூச்சிகள் நாலாபுறமும் தெறிக்கும். இடியோஸ்கோபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த தத்துப்பூச்சிகள் அவை. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரை நீரை வெளியே தள்ளுகின்றன. அதுதான் தூறல். அந்த இனிப்பில் வளரும் பூஞ்சைதான் கரி. மரத்துக்கு வேர்க்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதாயிற்று. அம்மாவிடம் சொன்னபோது, "அப்படியானால் அத்தனை வருடமும் பூச்சியின் மூத்திரத்தில்தான் துணி காயப்போட்டேனா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட தத்துப்பூச்சி இனங்கள் 20,000க்கும் மேல். பாலூட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வராது. ஒரு பூச்சி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று பார்க்கப் பின்காலைப் பார்த்தால் போதும். நீண்ட அந்தக் காலில் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாய் முள் இருக்கும், சீப்பின் பல்போல. அதன் பிறகு எந்த இனம் என்று சொல்வதுதான் கடினம்.

அந்த இரவுக்கு வருகிறேன். கொடிமலைக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து 1923 முதல் மலைரயில் ஓடுகிறது. நாங்கள் அதில் போகவில்லை. மின்னாக்கி, விளக்கு, கம்பங்கள், துணி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தாவரவியல் பூங்கா வாயிலிலிருந்து மேலே போகும் ஜீப் பாதையில் போனோம். ஜீப் ஓட்டிய அண்ணன் அந்த மலையிலேயே வளர்ந்தவர். தைப்பூசக் கூட்டத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பக்கூடியவர். வனத்துறை அனுமதிக் கடிதத்தை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். சுமார் 800 மீட்டர் உயரம்தான். ஆனாலும் இருட்டியதும் குளிர் கழுத்தில் ஏறிவிடும்.

விளக்கைப் போட்டதும் முதலில் வருபவை அந்துப்பூச்சிகள். பிறகு வண்டுகள். ஏழரை மணிக்கு ஒரு சிள்வண்டு துணியில் மோதி விழுந்து, கீழே கிடந்தபடி அலறியது. தத்துப்பூச்சிகள் ஆர்ப்பாட்டமில்லாமல் வரும். துணியின் கீழ் விளிம்பில், புல்லை ஒட்டி, வந்ததே தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கையால் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் என்று ஒன்று வைத்திருக்கிறோம்: ஒரு கண்ணாடிக் குப்பி, அதிலிருந்து இரண்டு குழாய்கள். ஒரு குழாயின் முனையைப் பூச்சியின் பக்கத்தில் வைத்து, வலை கட்டிய மற்றதை வாயில் வைத்து இழுக்க வேண்டும். பூச்சி குப்பிக்குள் போய்விடும். அந்துப்பூச்சிச் சிறகின் பொடி வாய்க்குள் வந்துவிடும். அன்று இரவு குப்பியில் எழுபதுக்கும் மேற்பட்டவை இருந்தன. அவற்றில் மூன்றுதான் இவை.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது நிறம். பச்சைத் தத்துப்பூச்சி செத்த பிறகு பச்சையாக இருக்காது. சாராயத்தில் போட்டால் சில நாளில் வைக்கோல் நிறமாகிவிடும். அருங்காட்சியக இழுப்பறைகளில் மஞ்சளாகத் தூங்கும் பூச்சிகளில் எத்தனை ஒரு காலத்தில் பச்சையாக இருந்தனவோ, குறிப்பு எழுதாமல் போனவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒன்றை உயிரோடு கொண்டுவந்து, ஓர் இலைத்துண்டோடு குப்பியில் வைத்து, விடிந்ததும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.

அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. உடல் வாழைக்குருத்தின் பச்சை. குருத்து சுருள் விரியும் முன் உட்புறம் தெரியுமே, வெளிச்சம் ஊடுருவும் அந்தப் பச்சை. தலையின் முன்விளிம்பில் மெல்லிய கருங்கோடு; நடுவில் மட்டும் அறுந்திருந்தது. கண்கள் செம்பழுப்பு. சிறகு நுனி புகை படிந்த கண்ணாடி. அது ஓய்வாக நிற்கவில்லை. பின்கால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறகின் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தாத்தாவைப் போல, ஓர் இடம் விடாமல்.

உண்மையிலேயே அது ஒருவகை எண்ணெய் தேய்ப்புத்தான். நமக்குச் சிறுநீரகம் செய்யும் வேலையைப் பூச்சிகளுக்குச் சில மெல்லிய குழாய்கள் செய்கின்றன. தத்துப்பூச்சியில் அந்தக் குழாய்களின் ஒரு பகுதி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உருண்டைகளை உற்பத்தி செய்கிறது. புரோக்கோசோம் என்று பெயர். தோலுரித்த பிறகு பூச்சி அவற்றை ஒரு துளியாக வெளியே விட்டுக் கால்களால் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். 1952இல் மின்னணு நுண்ணோக்கியின் வழியாகத்தான் மனிதக் கண்ணுக்கு முதன்முதலில் அவை தெரிந்தன. படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிரம்பால் பின்னிய செப்பாக் தக்ராவ் பந்துதான் நினைவுக்கு வந்தது. அதேபோல் உள்ளே வெற்றிடம்; மேலெல்லாம் ஐங்கோண, அறுகோணக் குழிகள். இந்த மேற்பூச்சினால் தண்ணீர் ஒட்டாது, பூச்சியின் சொந்தக் கழிவும் ஒட்டாது. சொட்டுக்குழாயால் ஒரு துளி நீரை அதன் முதுகில் விட்டேன். துளி சேம்பிலையில் உருள்வதுபோல் உருண்டு இறங்கியது. பூச்சி நனையவில்லை.

இவ்வளவு அழகையும் விவரித்து முடித்தாலும் இனத்தை நிலைநாட்ட முடியாது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இனங்கள் ஏராளம். வேறுபாடு தெரியுமிடம் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. வயிற்றின் நுனியில், தகடுகளுக்குள் மறைந்திருக்கும் ஒரு தண்டு. அது வளைந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா, நுனியில் கிளை உண்டா, கிளையில் பல் உண்டா என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பார்க்க வயிற்றுப் பகுதியைப் பிரித்தெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். தசை கரைந்து, ஓடு மட்டும் நிற்கும். பிறகு தண்ணீரில் கழுவிக் கிளிசரின் துளியில் இட்டு, மயிரிழை போன்ற ஊசியால் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைய வேண்டும்.

எங்களிடம் இருந்தவை இரண்டு ஆண்கள். முதல் ஆணின் வயிற்றை நான்தான் பிரித்தேன். கரைசலைச் சுடவைத்து அதில் போட்டேன். அப்போது அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது, பேசிவிட்டு வந்தேன். எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. எடுத்துப் பார்த்தபோது எல்லாமே மிகையாக வெளுத்திருந்தது. ஓரங்கள் மறைந்துவிட்டன. தண்டு எங்கே முடிகிறது, அதைத் தாங்கும் இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஊசியால் தொட்டதும் மென்மையான பகுதி மடிந்துகொண்டது. ஒரு மலையிலிருந்து கிடைத்த இரண்டில் ஒன்றை, ஓர் உரையாடலின் நேரத்தில் வீணாக்கியிருந்தேன். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இரண்டாவதை என் பக்கத்தில் உட்கார்ந்து செய். கடிகாரத்தைக் கண் முன்னால் வை" என்றார். நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு அந்தத் துணிவு வந்தது.

இரண்டாவது சரியாக அமைந்தது. கிளிசரின் துளிக்குள், விளக்கை எதிர்ப்புறமாகத் திருப்பியபோது, அந்தத் தண்டு தேன் நிறத்தில் எழுந்து நின்றது. நுனியில் இரண்டு கிளைகள். ஒவ்வொன்றும் பின்னோக்கி வளைந்து, மீன் தூண்டில்போல் முடிந்தது. உட்புற விளிம்பில் எண்ணினால் ஆறு பல். இதன் நெருங்கிய உறவுகள் என்று நாங்கள் ஒப்பிட்டவற்றில் எதிலும் அந்தப் பல் இல்லை. பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "வரைந்துகொள், வேறெதையும் தொடாதே" என்றார்.

வரைந்த பிறகு எழுத்து. இங்கே ஒன்று நடந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அந்த நடை வினைச்சொல் இல்லாத நடை. 'இருக்கிறது', 'காணப்படுகிறது' எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் சுருக்கமாக எழுதுவார்கள். எனக்கு அது வறண்ட தந்திமொழியாகப்பட்டது. ஒருநாள் அலுப்பில், குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன்:

"தலை முன்மார்பைவிடச் சற்றே அகலம். உச்சி மழுங்கிய கோணம். நடுநீளம் கண்களுக்கிடையிலான அகலத்தில் பாதி. முகம் குவிவு. உயிருள்ளபோது நிறம் வாழைக்குருத்துப் பச்சை. பதப்படுத்திய பின் வைக்கோல் மஞ்சள். முன்விளிம்புக் கோடு கருமை, நடுவில் இடைவெளி."

இதில் எதையும் வெட்டவில்லை. தமிழில் 'தலை அகலம்' என்பதே முழு வாக்கியம். வினை இல்லாமலே பெயரும் பெயரும் சேர்ந்து நிற்கும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் குறையாகத் தெரிந்தது தமிழில் இயல்பாக வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தியையும் முதலில் தமிழில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறேன். தமிழ்ப் பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவள் நான். ஓட்டுக்கு ஓடு, உணர்கொம்புக்கு உணர்கொம்பு என்று எனக்குக் கையில் சொல் இருந்தது. நிறத்துக்கோ சொல்லவே வேண்டாம். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்தளிர், எலுமிச்சை, வைக்கோல், செங்கல், புகை என்று நம் நிறங்கள் பெரும்பாலும் ஒரு பொருளைச் சுட்டி நிற்கின்றன. விவரிப்பவருக்கு அது பெரிய உதவி. வெறும் 'பச்சை' என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது.

அலட்சியமாக விவரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டுப் பூச்சிகளிலேயே சாட்சி இருக்கிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, அதே ஆண்டு மலாக்காவுக்குப் போய்ப் பூச்சிகளைச் சேகரித்தார். சிள்வண்டும் தத்துப்பூச்சியும் அடங்கிய பகுதியை லண்டனில் இருந்த பிரான்சிஸ் வாக்கர் 1857இல் பட்டியலிட்டுப் புதிய இனங்களுக்குப் பெயரிட்டார். வாக்கர் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான இனங்களை விவரித்தவர். அவருடைய விவரிப்புகள் பெரும்பாலும் சில வரிகள். நிறம், அளவு, அவ்வளவுதான். ஒரே பூச்சிக்குப் பலமுறை வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறார். 1874இல் அவர் இறந்தபோது, ஒரு பூச்சியியல் இதழ் அஞ்சலிக் குறிப்பிலேயே அவர் இந்தத் துறைக்கு விளைத்த சேதத்தைச் சொல்லிக் கடிந்துகொண்டது. இறந்தவரைப் பற்றி அப்படி எழுதலாமா என்பது வேறு விஷயம். ஆனால் வாக்கரின் மூன்று வரிகளை வைத்துக்கொண்டு ஒரு பூச்சியை அடையாளம் காண நான் முயன்றிருக்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

இதைவிட வயிற்றைத் தொடும் கதை நெல்லில் இருக்கிறது. பினாங்குப் பெருநிலத்துக்குத் தெற்கே, பேராக்கின் கிரியான் சமவெளியில், நெற்பயிர் ஆரஞ்சும் சிவப்புமாய்க் கருகிக் குட்டையாகும் நோயைப் 'பென்யாகிட் மேரா', சிவப்பு நோய், என்றார்கள். மண்ணின் குறை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1965இல்தான் அது நச்சுயிரி நோய் என்று காட்டப்பட்டது. மற்ற நாடுகளில் துங்ரோ என்று அழைக்கப்பட்ட அதே நோய். அதைப் பயிருக்குப் பயிர் எடுத்துச் செல்வது பச்சைத் தத்துப்பூச்சி.

எந்தப் பச்சைத் தத்துப்பூச்சி? இங்கேதான் விவரிப்பின் வேலை வருகிறது. நெஃபோடெட்டிக்ஸ் என்ற ஒரே பேரினத்தில், வயலில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் இனங்கள் பல. நோயைப் பரப்புவதில் முதலிடம் நெஃபோடெட்டிக்ஸ் விரிசென்ஸுக்கு. நிக்ரோபிக்டஸ் அதைவிடக் குறைவாகப் பரப்பும். தலையின் குறுக்கே கரும்பட்டை இருந்தால் அது நிக்ரோபிக்டஸ். விரிசென்ஸில் அது இருக்காது. ஒரு கோடு, அவ்வளவுதான். நம் மலாயாவின் பெயரையே தாங்கிய மலாயானஸ் என்ற இனம் 1968இல் பெயர் பெற்றது. அதற்கு நெல்லைவிட நீரோரப் புல்தான் விருப்பம். விரிசென்ஸை லண்டனில் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் 1908இலேயே விவரித்திருந்தார். ஆனால் 1964இல் அதே பூச்சி இம்பிக்டிசெப்ஸ் என்ற புதுப்பெயரோடு மறுபடி வெளிவந்தது. துங்ரோ ஆய்வு சூடுபிடித்திருந்த ஆண்டுகள் அவை. கட்டுரைகளெல்லாம் அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டன. 1971இல் கௌரி என்ற ஆய்வாளர் அந்தப் பேரினத்தின் மூலமாதிரிகளை எடுத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று சீர்செய்தார். மூலமாதிரி இழுப்பறையில் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

மூலமாதிரியை எங்கள் பேச்சில் ஹோலோடைப் என்கிறோம். ஓர் இனத்தின் பெயர் சட்டப்படி கட்டப்பட்டிருப்பது என் வரைபடத்திலோ என் சொற்களிலோ இல்லை. அந்த ஒரே ஒரு உடலில். என் விவரிப்பு தவறாகலாம், மைக்கறை படலாம், இன்னொருவர் வந்து மறுக்கலாம். பெயர் அந்த உடலோடு போகும். விலங்குகளுக்கான சர்வதேசப் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பிறகு வரும் புதிய இனப் பெயர் ஒவ்வொன்றுக்கும் மூலமாதிரியைத் தெளிவாகக் குறிப்பிட்டு, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது அந்த இரண்டாவது ஆண். நான் வெளுக்கவைத்த முதல் ஆண் துணைமாதிரியாக இருக்கும். அதன் அட்டையில் என்ன நடந்தது என்பதையும் குறித்திருக்கிறேன். பின்னால் வருபவர் அந்த வெளுப்பை இனத்தின் இயல்பு என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த ஹோலோடைப் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்த நாட்டில். நம் மலைப் பூச்சிகளின் பழைய மூலமாதிரிகள் பெரும்பாலும் லண்டனில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒப்பிட, ஓர் ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டு ஏழு மாதம் காத்திருந்தேன். கடைசியில் வந்த படங்களில் தலை மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது வயிறு. பினாங்கில் பிறந்த ஒரு மாணவி, பினாங்கு மலையில் பறக்கும் ஒரு பூச்சியைப் பார்க்கக் கடல் தாண்டிக் கெஞ்ச வேண்டியிருப்பது என்னை வருத்துகிறது.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும், அது லேசான வாதம் இல்லை. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டில் கோலாலம்பூரின் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி தரைமட்டமானது. அந்த இடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பல லட்சம் பூச்சிகள் சாம்பலாயின. இரண்டையும் நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் அதற்கு மருந்து எல்லாவற்றையும் ஓரிடத்துக்கு அனுப்புவது இல்லை. மூலமாதிரி இங்கே, துணைமாதிரி வேறொரு நாட்டில், ஒவ்வொரு கோணத்திலும் எடுத்த படங்கள் எவரும் பார்க்கும்படி வெளியே. அப்படித்தான் செய்யப்போகிறோம்.

பெட்டியில் மூன்றாவதாக இருக்கும் பெண் பூச்சியை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம். நிறம் ஒன்று, அளவு சற்றுப் பெரிது, கருங்கோடு ஒன்று. ஆனால் இந்தப் பூச்சிகளில் பெண்களைத் தனியாகப் பார்த்து இனம் சொல்வது பல சமயம் இயலாது. அதே மலையில், அதே இரவில், அதேபோன்ற இன்னோர் இனத்தின் பெண்ணாகவும் அது இருக்கலாம். ஒரே துணியில் உட்கார்ந்ததை உறவுக்குச் சாட்சியாக எழுத முடியாது. சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஆசை. பேராசிரியர் மறுத்துவிட்டார், அவர் சொன்னதுதான் சரி.

இந்தத் தயக்கத்தின் நடுவில் எனக்குத் தெம்பு கொடுத்தது உகாண்டாவிலிருந்து வந்த ஒரு செய்தி. கிபாலே தேசியப் பூங்காவின் மழைக்காட்டில், பிரிட்டனைச் சேர்ந்த ஆல்வின் ஹெல்டன் என்ற ஆய்வாளர் உலோகம்போல் மினுங்கும் ஒரு தத்துப்பூச்சியைக் கண்டு, 2022இல் ஃப்ளோகிஸ் கிபாலென்சிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அந்தப் பேரினத்தை அதற்கு முன்பு கடைசியாகப் பதிவுசெய்தது 1969இல், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில். இடையில் அரை நூற்றாண்டு. அந்தப் பூச்சி அவ்வளவு காலமும் எங்கேயோ இலையடியில் இருந்துகொண்டுதான் இருந்தது. முன்னே போனவர்கள் எழுதிவைத்த விவரிப்பு இருந்ததால்தான், இது அந்தப் பேரினம், ஆனால் அந்த இனம் இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. நான் எழுதிக்கொண்டிருப்பதும் அப்படி ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டியதுதான்.

பெயரை இங்கே சொல்லமாட்டேன். ஆய்விதழில் விவரிப்போடு வெளியாகும் முன் ஒரு பெயரை வெளியே விட்டால் அது உடலில்லாத பெயராகச் சுற்றிக்கொண்டிருக்கும். பின்னால் குழப்பம் விளைவிக்கும். விதிகள் எந்த மொழிச் சொல்லையும் அனுமதிக்கின்றன, லத்தீன் எழுத்தில் எழுதினால் போதும். பினாங்கின் பெயரைத் தாங்கிய உயிர்கள் ஏற்கெனவே பல இருக்கின்றன. எனக்குத் தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன். நான் முதலில் தேர்ந்தது ழகரம் உள்ள சொல். லத்தீன் எழுத்தில் அது என்ன பாடுபடும் என்று எழுதிப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. பிரேசிலில் இருக்கும் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், படித்துத் தன் மாணவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு அசையில் வேறொரு சொல் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் ஜீப் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், அன்றைக்கு நாம் துணி கட்டினோமே, அந்த இடத்துக்கு மேலே ஒரு கெலாட் மரம் நிற்கிறது. இப்போது தளிர் விட்டிருக்கிறது, மரமே சிவப்பாக இருக்கிறது. நீங்கள் தேடுகிற பூச்சி தளிருக்குத்தானே வரும்?" என்றார். வரலாம். இந்தப் பூச்சி எந்தச் செடியில் வாழ்கிறது என்பது எங்கள் கட்டுரையில் இன்னும் வெற்றிடம். தளிரில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்து கிடைத்தால் பெட்டியிலிருக்கும் அந்தப் பெண்ணின் வழக்கும் தீரும்.

இந்தப் பூச்சிகள் ஒன்றையொன்று அழைப்பது நம் காதுக்குக் கேட்காது. வயிற்றை அதிரவைத்துக் காம்பின் வழியாகச் சேதி அனுப்புகின்றன. ஸ்வீடனின் ஃப்ரேய் ஒசியானில்சன் 1949இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆண் கொட்டும், பெண் அதே காம்பில் பதில் கொட்டும். அதனால் இந்தமுறை விளக்கும் துணியும் கொண்டுபோகவில்லை. தளிரை அசைக்காமல், கிளையோடு சேர்த்து மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டிவிட்டு, ஒரு நாள் கழித்துத் திறந்து பார்க்கப்போகிறோம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்கா வாயிலில் ஜீப் நிற்கும். பைகளை நேற்றே தைத்துவிட்டார் அம்மா, பழைய கொசுவலையைக் கிழித்து, எட்டு. குப்பிகளைக் கழுவிச் சமையலறை ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.